அவரும் அதுவும்: நெடுமுதுமைச் சிறுகதைகளின் மொழி – மும்பைத் தமிழை முன்வைத்து

0. முன்னுரை

முதுமை வேறு, நெடுமுதுமை வேறு. வாழ்நாளின் இறுதிப் பருவத்தை எய்துதல் முதுமை. அப்பருவம் விரைவில் முடியாது பல்லாண்டுகள் நீளுதலை நெடுமுதுமை எனலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதும் அதற்கு மேலும் அகவையுடையோர் ஏறத்தாழ 10.4 கோடியினர், மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4 விழுக்காடு ஆகும். முன்பு சிலருக்கே வாய்த்த நீண்ட முதுமை இன்று பெரும்பாலான குடும்பங்களின் அன்றாட நிலையாகிவிட்டது. சிறுகதை இதனைப் பதிவுசெய்து வருகிறது.

நெடுமுதுமையைப் புனைவாக்கிய உலக இலக்கியங்களுள் சோனாதன் சுவிஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணங்கள் குறிப்பிடத்தக்கது. அதில் வரும் ஸ்ட்ரல்ட்பிரக் எனும் மாந்தர்க்குச் சாவு இல்லை. மூப்பு மட்டும் உண்டு. எண்பது அகவை ஆனதும் சட்டம் அவர்களை இறந்தவராகக் கொள்கிறது. உடைமை வாரிசுகளுக்குச் சேர்கிறது. நாட்டு மொழியோ மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு கட்டத்திற்குப் பின் அவர்கள் சொந்த நாட்டிலேயே அயலாராகின்றனர். உடைமை இழப்பு, மொழி இழப்பு என்னும் இவ்விரண்டும் நெடுமுதுமையின் இரு அடையாளங்களாகச் சுவிஃப்டுக்குத் தோன்றியிருப்பது மொழியியலார் கருதத்தக்கது.

நெடுமுதுமையைக் கூறும் தமிழ்ச் சிறுகதைகளில் முதியவரின் நிலை பெயர்ச்சொற்களைக் காட்டிலும் திணை முடிபு, துணைவினை, வேற்றுமை ஆகிய இலக்கணக் கூறுகளாலேயே உணர்த்தப்படுகிறது என்பதும், கதைகளைத் தொகுப்பாக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் முதலில் மறைவன இக்கூறுகளே என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மும்பைத் தமிழும் அந்நகரில் வாழ்ந்த எழுத்தாளர் இருவரின் படைப்புகளும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. எண்ணிடப்பட்ட எடுத்துக்காட்டுத் தொடர்கள் பேச்சு வழக்கை விளக்குவதற்கென அமைக்கப்பட்டவை. எந்தக் கதையிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. மும்பைத் தமிழின் மூன்று நிலங்கள்

மும்பைத் தமிழ் ஒரே வழக்கன்று. தாராவியில் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உழைப்புக்கும் வந்தோரின் வழித்தோன்றல்கள் மிகுதி. மாதுங்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலகப் பணிகளுக்காகக் குடியேறியோரிடையே தஞ்சை, பாலக்காட்டுப் பிராமணர் வழக்குகள் நிலைபெற்றன. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது இக்குடியேற்றத்தின் அளவைக் காட்டும். செம்பூரில், குறிப்பாக நாட்டு விடுதலைக்குப் பின், பல வட்டாரத்தாரும் கலந்து வாழத் தலைப்பட்டதால் பொதுப்பேச்சுத் தமிழ் ஓங்கியது.

மூன்று இடங்களிலும் பொதுவாக உள்ள ஒன்று தலைமுறை இடைவெளி. தாத்தா பாட்டியர் தமிழில் பேச, பேரப்பிள்ளைகள் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ விடையிறுக்கும் வீடுகள் பல. சுவிஃப்டின் கற்பனையில் மொழி இழப்புக்கு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. மும்பையில் இரண்டு தலைமுறைகளே போதும். இங்கு முதியவர் தம் மொழியை மறப்பதில்லை. அதைக் கேட்பதற்குரியோர் குறைகின்றனர்.

வாழிடச் சொற்களும் நோக்கத்தக்கவை. அறையைக் குறிக்கும் கோலி, குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் பயன்படும் மூலையாகிய மோரி, அறைக்கு மேல் கட்டிய மேல்தளமாகிய மாளா ஆகியன மராத்தியிலிருந்து மும்பைத் தமிழுக்கு வந்து நிலைத்தவை. தமிழகக் கதையில் முதியவருக்குரிய இடம் திண்ணை. தாராவியில் திண்ணை இல்லை. எனவே,

(1) ஆச்சி மாளாவுல கெடக்கா.

என்னும் தொடரில் இடப்பெயர் மட்டும் மாறவில்லை. திண்ணை தெருவைப் பார்த்தது. அங்கிருந்தவர் போவோர் வருவோருடன் பேச இயன்றது. மாளாவுக்கு ஏணி வேண்டும். ஏறிய மூதாட்டியால் தாமாக இறங்க இயலாது.

2. பெயரும் திணையும்

2.1 கிழமையிலிருந்து கிழம் வரை

தொல்காப்பியம் அகத்திணை மாந்தராகிய தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என வழங்குகிறது. அங்கு அச்சொற்களுக்கு முதுமைப் பொருள் இல்லை. உரிமையுடையவர் என்பதே பொருள். கிழமை என்பது உரிமை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுப்பதும், ஊர்ப்பெயரோடு கிழார் எனும் சொல் சேர்ந்து வருவதும், ஒரு கோளுக்குரிய நாளை ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை என்பதும் இப்பொருளிலேயே ஆகும்.

உரியவர், குடும்பத்தில் மூத்தவர், அகவை முதிர்ந்தவர் எனப் பொருள் படிப்படியாகப் பெயர்ந்ததாகக் கொள்ளலாம். பின்னர் கிழம், கிழடு, கிழடுகட்டை என இழிபொருள் வடிவங்கள் தோன்றின. உடைமையைக் குறித்த அடிச்சொல்லே உடைமை இழந்தவரைக் குறிக்கும் வசைச்சொல்லுக்கும் அடியாயிற்று. பொருண்மை மாற்றத்திற்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டு அரிது.

2.2 பருவப் பெயர்களின் எல்லை

பாட்டியல் மரபு மகளிர் பருவத்தைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுக்கிறது. பெருவழக்கான கணக்கின்படி பேரிளம்பெண்ணின் மேல்எல்லை நாற்பது. அதன்பின் பெயரிட்ட பருவம் இல்லை. எண்பத்தைந்து ஆண்டு வாழும் பெண்ணின் வாழ்நாளில் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு இம்மரபில் பெயரே கிடையாது. இவ்வெற்றிடத்தை நிரப்புவன உறவுப்பெயர்களே: பாட்டி, ஆச்சி, அப்பாயி, அம்மாச்சி, அப்பத்தா. பெண்ணின் முதுமை பிறரோடு கொண்ட உறவின் வழியே பெயர் பெறுகிறது.

2.3 மூப்பும் அஃறிணை முடிபும்

(2) பெருசு இன்னும் கெடக்கு.

இத்தொடரில் உயர்திணை மாந்தர் அஃறிணை முடிபு கொள்கிறார். இதனைப் பண்பாட்டுச் சீரழிவின் அறிகுறியாகவோ கொச்சை வழக்காகவோ கொள்வாரும் உளர். ஆயின் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொகுத்துக் கூறும்போது இளமை, மூப்பு, அடிமை, மகவு, குழவி முதலியவற்றோடு காதல், சிறப்பு, செறல் பற்றி வரும் சொற்களையும் சேர்த்துள்ளது. அன்பும் மதிப்பும் சினமும் ஒரே இலக்கண வடிவத்தை ஏற்கும் என்பதை அந்நூல் உணர்ந்திருக்கிறது.

இன்றைய வழக்கும் இதனை உறுதிப்படுத்தும்.

(3) பாவம், அது யாரையும் ஒண்ணும் சொல்லாது.

(2)இல் வெறுப்போ சலிப்போ புலப்படலாம். (3)இல் பரிவு புலப்படுகிறது. வடிவம் ஒன்றே. குழந்தை அழுகிறது என்பதில் உள்ள அதே முடிபு, மழலைப் பருவத்தையும் முதுமையையும் ஓரிடத்தில் நிறுத்துகிறது. பேசுவோர் யார், எத்தனை ஆண்டுகள் பணிவிடை செய்தபின் பேசுகிறார் என்பவற்றை அறிந்தாலன்றி எது வெறுப்பு, எது பரிவு எனத் துணிய இயலாது. அவ்வறிவைத் தருவது கதை. ஆகவே அஃறிணை முடிபு சிறுகதையாசிரியனுக்கு ஒரு கருவி. தொடக்கத்தில் அவர் எனப்பட்டவர் நடுவில் அது ஆவதும், இறுதியில் மீண்டும் அவர் ஆவதும் கதையின் போக்கையே காட்ட வல்லன.

2.4 மரியாதை முடிபின் வட்டார வேறுபாடு

(1)இல் உள்ள கெடக்கா என்பது பெண்பால் ஒருமை. தென்மாவட்ட வழக்கில் மூத்த பெண்டிர்க்கும் இவ்வொருமை முடிபு இயல்பாக வரும். இதில் அவமதிப்பு இல்லை. மாதுங்காவின் பிராமணர் வழக்கில் நிலைமை வேறு.

(4) அவ வந்தா.
(5) அவா வந்தா.

(4) அவள் வந்தாள் என்னும் ஒருமை. (5) அவர்கள் வந்தார்கள் என்னும் பன்மை அல்லது மரியாதைப் பன்மை. வினைமுற்று இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டைப் பதிலிடுபெயரே காட்டுகிறது. எனவே பாட்டி வந்தா என்னும் தொடர் தாராவிக் கதையில் ஒன்றையும் மாதுங்காக் கதையில் வேறொன்றையும் உணர்த்தக்கூடும். வட்டாரம் அறியாத மொழிபெயர்ப்பாளர் முன்னதில் இல்லாத அவமதிப்பைக் காணவும் பின்னதில் உள்ள மரியாதையைத் தவறவிடவும் இடமுண்டு.

3. வினை: நீட்சியின் இலக்கணம்

3.1 இருத்தலும் கிடத்தலும்

நெடுமுதுமையின் சாரம் காலநீட்சி. தமிழில் இது துணைவினைகளால் உணர்த்தப்படும். கொண்டிரு என்பது தொடர்ச்சியை மட்டும் காட்ட, கிட என்பது தொடர்ச்சியோடு கவனிப்பாரின்மையையும் சேர்த்துக் காட்டுகிறது. அப்பா படுத்திருக்கிறார் என்பது ஒரு செய்தி. அப்பா படுத்துக் கிடக்கிறார் என்பதில் எவ்வளவு நாளாக என்னும் வினா உள்ளடங்கியுள்ளது. பொருள்களுக்குரிய கிட மாந்தர்க்கு வரும்போது அவர் வைத்த இடத்தில் இருப்பவர் ஆகிறார்.

3.2 எழுவாய் இழத்தல்

(6) ஆச்சிக்கு ரெண்டு நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்கு.

இத்தொடரில் இழுப்பது எது எனச் சொல்லப்படவில்லை. ஆச்சி நான்காம் வேற்றுமை ஏற்று, நிகழ்வை நுகர்பவராக நிற்கிறார். அவருக்கு முடியவில்லை, அவருக்கு நினைவில்லை, அவருக்குத் தொண்ணூறு ஆகிறது என முதுமை பற்றிய தொடர்கள் பலவும் இவ்வமைப்பினவே. ஒரு கதையில் முதியவர் எழுவாயாக வரும் தொடர்களையும் நான்காம் வேற்றுமையில் வரும் தொடர்களையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பின், அவர் வினைமுதலாக இருந்து வினைக்கு இடமாக மாறும் கட்டம் புலப்படும்.

3.3 வைத்துக்கொள்ளுதல்

(7) அம்மாவ யாரு வச்சுக்கிறது?

பெற்றோரைப் பேணுதல் பற்றிய உரையாடலில் மிகப் பெருவழக்கானது வைத்துக்கொள் என்னும் வினையே. பார்த்துக்கொள் என்பதில் செயலும் கவனமும் உண்டு. வைத்துக்கொள் என்பதில் உடைமைப் பொருளும் இடப்பொருளும் முந்துகின்றன. சிற்றறையில் ஏழெட்டுப் பேர் வாழும் கோலியில் இது உருவகமன்று; பாய் விரிக்கும் இடம் பற்றிய கேள்வி. ஆவணமும் இதனோடு சேர்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 1.1.2000க்கு முன்பே தரைத்தளத்தில் வாழ்ந்ததை நிறுவுவோர்க்கு ஒரு விதியும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கு வேறு விதியும் உள்ளன. பழைய தாள்களில் முதியவரின் பெயர் இருக்குமாயின் அவரை வைத்துக்கொள்ளுதல் பேணலாகவும் உரிமைக் காப்பாகவும் ஒருங்கே பொருள்படும். கிழமை என்னும் பழம்பொருள் இவ்வாறு எதிர்பாராத வழியில் மீள்கிறது.

4. மும்பையில் வாழ்ந்தோரின் படைப்புகள்

நாஞ்சில்நாடன் 1970களிலும் 1980களிலும் மும்பையில் பணிபுரிந்தவர். அங்கிருந்தபடி நாஞ்சில் நாட்டு வாழ்வை எழுதியவர். தீபம் இதழில் 1975இல் வெளிவந்த அவருடைய முதற் சிறுகதையாகிய விரதம், ஒரு விரத நாளில் இரு மகள்களின் வீடுகளுக்கிடையே பசியோடு நடக்கும் முதியவரைப் பற்றியது. தலைப்பே இருபொருள் கொண்டது. மனமுவந்து உண்ணாதிருத்தல் விரதம்; உண்பார் கேட்பாரின்றி உண்ணாதிருத்தலும் வெளித்தோற்றத்தில் அதுவே. தாமாக மேற்கொண்ட செயல் தமக்கு நேர்ந்த நிலையாக மாறுகிறது. 3.2இல் கூறப்பட்ட இலக்கணப் பெயர்ச்சி இங்குக் கதையின் கட்டமைப்பாகவே நிற்கிறது.

அம்பை நெடுங்காலமாக மும்பையில் வாழ்பவர். அவருடைய வீட்டின் மூலையில் ஒரு சமையலறை, இராசத்தானக் குடும்பமொன்றின் மூத்த பெண்டிரைச் சமையலறையின் வழியே காட்டுகிறது. அங்கு ஜீஜி என்னும் உறவுப்பெயர் தமிழாக்கப்படாமல் நிற்கிறது. மாமியார் என மாற்றியிருப்பின், அச்சொல்லுக்குத் தமிழ்க் கதைமரபில் படிந்துள்ள சாயல்கள் அப்பெண்ணின்மேல் ஏறியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் பராசக்தி முதலியோர் என்னும் கதைத் தலைப்பு திணை ஆய்வுக்கு மிக ஏற்றது. வயதான தாயொருத்தி இடம்பெயரும்போது தன் தெய்வங்களை டப்பாவில் எடுத்துச் செல்கிறாள். டப்பாவில் இருப்பவை முதலியன ஆகாமல் முதலியோர் ஆவது உயர்திணை முடிபின் ஆற்றல். வீட்டை இழந்தவளின் உலகில் உயர்திணை குலையாது நிற்பதை ஒரு விகுதி காட்டுகிறது.

தமிழகக் கதைகளுள்ளும் இதற்கு ஒப்பானவை உண்டு. புதுமைப்பித்தனின் காலனும் கிழவியும் கதையில் உயிர் கொள்ள வந்த எமனைக் கிழவி சொல்லால் வெல்கிறாள். ஜெயகாந்தனின் யுகசந்தியில் கௌரிப் பாட்டி குடும்பத்தின் தீர்ப்பைத் தாமே முடிவு செய்கிறார். தி. ஜானகிராமனின் பாயசத்தில் முதியவரின் பொறாமை பிறர்க்குத் தீங்கு செய்யும் செயலாகிறது. நன்மையோ தீமையோ, இம்மூவரும் செயப்படுபொருள் குன்றா வினைகளின் எழுவாய்கள். இக்கதைகள் நினைவில் நிற்பதற்கு இஃதொரு காரணம் எனலாம்.

5. தொகுப்பும் பதிப்பும்

இதழில் தனித்து வந்த கதையும் தொகுப்பில் இடம்பெறும் கதையும் ஒரே வகையாக வாசிக்கப்படுவதில்லை. நாஞ்சில்நாடனின் முதற்கதை 1975இல் வெளிவர, முதற் சிறுகதைத் தொகுப்பாகிய தெய்வங்கள் ஓநாய்கள் ஆடுகள் 1981இல் வந்தது. அம்பையின் முதல் மூன்று தொகுப்புகள் 1976, 1988, 2000 எனப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிகளில் அமைந்தன. இடையில் எழுத்தாளரின் அகவையும் கூடுகிறது. முதியவரைப் பேத்தியின் பார்வையில் எழுதியவர் பின்னர் மகளின் பார்வையில் எழுதக்கூடும். பிறகு தாமே முதியவராக எழுதவும் கூடும்.

மும்பை எழுத்தாளர்க்கு மற்றொரு நிலையும் உண்டு. அவர்தம் நூல்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, நாகர்கோவில் முதலிய இடங்களிலிருந்து வெளிவருகின்றன. மெய்ப்புத் திருத்துவோர் மும்பை வழக்கை அறியாதவராக இருத்தல் இயல்பு. எனவே தொகுப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கன:

(அ) திணை, பால், மரியாதை முடிபுகளைப் பொதுவழக்குக்கு ஏற்பத் திருத்தலாகாது. ஆச்சி கெடக்கா என்பதை ஆச்சி கிடக்கிறார் என மாற்றுவது வட்டாரத்தை அழிப்பதோடு, கதையில் வேறிடத்தில் வரும் அது என்னும் சொல்லின் அழுத்தத்தையும் குலைக்கும்.

(ஆ) ஒவ்வொரு கதையின் இறுதியிலும் முதலில் வெளிவந்த இதழும் ஆண்டும் தரப்பட வேண்டும். கணக்கெடுப்பு அகவை, ஓய்வூதியம், முதியோர் இல்லம் முதலிய குறிப்புகளின் பொருள் காலத்தைச் சார்ந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்ட 2007க்கு முன்னும் பின்னும் மகனைப் பற்றிய முறையீடு ஒரே பொருளுடையதன்று.

(இ) கோலி, மாளா போன்ற சொற்களுக்கு அகராதிப் பொருளோடு இடவிளக்கமும் தருதல் நன்று. மாளா என்பதற்கு மேல்தளம் என்று மட்டும் எழுதினால் ஏணி மறைந்துவிடும்.

(ஈ) உறவுப்பெயர்களை வட்டாரக் குறிப்போடு பட்டியலிடுதல் மொழிபெயர்ப்பாளர்க்கு உதவும்.

6. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

இலக்குமொழிதோறும் இழப்பு வேறுபடும். ஆங்கிலத்தில் மரியாதை முடிபு இல்லை. வளர்ந்த மாந்தரை அஃறிணைச் சுட்டால் குறித்தல் கொடிய இழிவாகவே ஒலிக்கும். எனவே (2), (3) இரண்டும் பெரும்பாலும் ஹீ அல்லது ஷீ எனவே பெயர்க்கப்படும். அதனால் வெறுப்பும் பரிவும் ஒருசேர மறையும். பரிவை உணர்த்தப் பூவர் ஓல்ட் திங் என்னும் வழக்கு ஓரளவு கைகொடுக்கும்; பொருள் எனும் சொல்லே அங்கும் அன்புக்கு உதவுகிறது. எவ்வகையாயினும் கதை முழுவதும் ஒரே உத்தியைக் கையாளாது, அவர் அது ஆகும் இடத்தில் ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காட்டுதல் இன்றியமையாதது.

இந்தியில் அஃறிணைப் பால் இல்லை. ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டே உள்ளதால் பெருசு என்பதன் பால் மறைவைக் காக்க இயலாது. எனினும் கிடத்தலுக்குப் படா ஹை என்பதும், வைத்துக்கொள்ளுதலுக்கு ரக்னா என்னும் வினையும் ஏறத்தாழ அதே சாயலுடன் உள்ளன. மரியாதைப் பன்மையும் உண்டு. வினையைப் பொறுத்தவரை இந்தி தமிழுக்கு நெருக்கமானது.

மராத்தியில் மூன்று பால்களும் உள்ளன. முதுமையைக் குறிக்கும் அடைமொழி ம்ஹாதாரா, ம்ஹாதாரி, ம்ஹாதாரே என மூன்று வடிவம் கொள்ளும். ஆகவே அஃறிணைச் சாயலை இம்மொழியில் முயன்று பார்க்கலாம். ஆயின் வேறொரு சிக்கல் எழுகிறது. கோலி, மோரி, மாளா ஆகியன தமிழ்க் கதையில் அயற்சொற்கள். ஊரை விட்டு வந்ததன் அடையாளங்கள். மராத்தியில் அவை அன்றாடச் சொற்கள். மூதாட்டியின் நாவில் அச்சொல் பொருந்தாமல் ஒலிப்பது மராத்தி வாசகர்க்குக் கேட்காது. இதனை ஈடுசெய்ய, ஆச்சி என்னும் உறவுப்பெயரை ஆஜி என மாற்றாது விடுதல் ஒரு வழி. இரண்டும் ஒலியால் நெருங்கியவை என்பதால் மாற்றிவிடும் விருப்பம் எழும். அவ்விருப்பத்தை அடக்குதலே தக்கது. பேரன் ஆஜி என விளிக்க, அவள் தன்னை ஆச்சி என்றே சொல்லிக்கொள்ளும் வீட்டில் ஓர் எழுத்தின் வேறுபாடு ஒரு தலைமுறையின் வேறுபாடாகும்.

7. முடிவுரை

தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர்பெற்ற புறநானூற்றுப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடிய கைத்தடியே பெயராயிற்று. ஆயினும் அப்பாட்டில் இளமையை நினைத்துப் பேசுபவர் அவரே; பிறர் அவரைப் பற்றிப் பேசவில்லை. நெடுமுதுமைக் கதைகளை ஆராய்வோர்க்கும் தொகுப்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் முதற்கேள்வி இதுவாகலாம்: இத்தொடரில் முதியவர் எழுவாயா, நான்காம் வேற்றுமையா, செயப்படுபொருளா? அவரா, அதுவா? மூலத்தில் ஆசிரியர் ஒரு விகுதியால் காத்த மாந்தத் தன்மையை மெய்ப்புத் திருத்தத்திலோ மொழிபெயர்ப்பிலோ இழந்துவிட்டால், மாளாவில் கிடக்கும் ஆச்சி இரண்டாம் முறையும் கேட்பாரற்றவளாவாள். அவ்விகுதியைக் கண்டறிந்து காத்தல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பொதுவான பணியாகும்.